நேராகக் கேட்காதவர்

விதி ஒன்பது: எழுத்து மூலம் பெறப்படும் கேள்வி அன்றே பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். ஏழு நாட்களுக்குள் உரியவருக்கு அனுப்பப்பட வேண்டும். தாமதமானால் அதற்கான காரணம் கேட்டவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

இதை எழுதியவன் நான்தான். ஒரு மாலை வகுப்புக்குப் பதினான்கு விதிகள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவனைச் செயலாளராகப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

வகுப்பு செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு, கால்வாய்க்குக் கிழக்கே ஒரு பழைய வீட்டின் மாடியில் நடந்தது. பெரியவர்களுக்கான வகுப்பு. யூதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள் என்பது பாடம். நடத்தியவரை மதாம் என்போம். பாரீசில் பிறந்து வளர்ந்த யூதப் பெண்மணி. தமிழ் படிக்க வந்தவர், முடித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அவர் பேசுவதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம், அவ்வளவு திருத்தமான தமிழ். நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பைபிளில் வரும் ஊர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் சிலர். மாலையில் வீட்டை விட்டு வெளியே இருக்க ஒரு காரணம் தேடி வந்தவர்கள் சிலர். நான் வந்தது வேறு காரணத்துக்காக. சாப்பிடுவதற்கு, உடுத்துவதற்கு, விளக்கேற்றுவதற்கு, துக்கம் கொண்டாடுவதற்கு என எல்லாவற்றுக்கும் விதி வைத்து, அந்த விதிக்கு விளக்கம் எழுதி, விளக்கத்துக்கு மறுப்பும் எழுதி, ஒன்றையும் கிழித்துப் போடாமல் இரண்டாயிரம் வருடம் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு கூட்டம். இவர்களை முன்பே தெரிந்திருந்தால் என் உத்தியோக காலம் இவ்வளவு தனிமையாக இருந்திருக்காது.

ஆகவே நான் படித்துக்கொண்டு போனேன். ஓய்வு நாளான சனிக்கிழமை செய்யக்கூடாத வேலைகள் முப்பத்தொன்பது. உழுவதில் தொடங்கி, பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிச் செல்வதில் முடியும். முதல் மாத வகுப்பிலேயே முப்பத்தொன்பதையும் வரிசை பிசகாமல் சொன்னேன். மதாம் "மிகச் சிறப்பு" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, "சனிக்கிழமை மாலை வீட்டில் இருட்டிவிட்டது. விளக்கைப் போடக்கூடாது. யூதரல்லாத அண்டை வீட்டாரிடம் போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது. என்ன செய்வார்கள்?" என்று கேட்டார்.

முதல் நாளே விளக்கை ஏற்றி வைத்துவிட வேண்டும் என்று நான் பக்க எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்க மாட்டாங்க மதாம். சும்மா சொல்லுவாங்க."

பேசியது ஒரு வயதான அம்மாள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அதனால் வகுப்பில் எல்லோருக்கும் அவர் சொல்தா அம்மா. பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு, கணவர் போன பிறகு தவளக்குப்பத்தில் வந்து தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய, ஒல்லியான அம்மாள். புடவைக்கு மேல் எந்த வெயிலிலும் ஒரு கம்பளி மேல்சட்டை.

"எங்க அப்பார்த்மான்ல மூணாவது மாடியில ஒரு வயசான அம்மா இருந்தாங்க. நாங்க நாலாவது மாடி. சனிக்கிழமையானா கதவ ஒருக்களிச்சு வெச்சிருப்பாங்க. நான் படி எறங்கற சத்தம் கேட்டா, 'இங்க கொஞ்சம் இருட்டா இருக்கில்ல'ன்னு உள்ளேந்து சொல்லுவாங்க. எங்கிட்ட சொல்ற மாதிரியே இருக்காது, செவுத்துக்கிட்ட சொல்ற மாதிரி இருக்கும். நான் போயி வெளக்க போட்டுட்டு வந்துடுவேன். ஒரு மெர்சி, ஒரு தேங்ஸ் கூட கெடையாது. மறுநா நான் பூசைக்குப் போயிட்டு வந்தா வாசல்ல ஒரு தட்டுல கேக் இருக்கும்."

மதாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என் பாட்டியும் சுவரிடம்தான் சொல்வார்" என்றார். அன்று வகுப்பு ஏழு மணி வரை நடந்தது. என் முப்பத்தொன்பது வேலைகள் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. கீழே இறங்கும்போது வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் மட்டும் என் தோளில் தட்டி, "சூப்ரண்ட் சார், படிச்சிட்டு வந்தது நீங்க, பாஸானது அந்தம்மா" என்றார்.

கீழ்வீட்டு அம்மாளிடம் கற்றதோ, பிறவியிலேயே அப்படியோ, சொல்தா அம்மாவும் எதையும் நேராகக் கேட்க மாட்டார். தாகமாக இருந்தால் "இன்னைக்கு பஸ்ல ஒரே புழுக்கம்" என்பார். பக்க எண் தவறிப்போனால் "இந்த புஸ்தகத்துல பேப்பர் ரொம்ப மெல்லிசா இருக்குது" என்பார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் நல்ல மழை. "கடலூர் பஸ்ஸு இந்த மழையில எங்க ஊர் பக்கம் போவாது போலக்குது" என்றார். போகும் என்று நான் நேர அட்டவணையைச் சொன்னேன். வங்கி மேலாளர் கார் சாவியை எடுத்தார்.

இது ஒரு தந்திரம் என்றே நினைத்திருந்தேன். நேராகக் கேட்கத் தைரியமில்லாதவர்கள் செய்வது. மனு என்றால் வேண்டுவது இன்னதென்று கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும். இல்லாத மனுவை நான் திருப்பி அனுப்பியே பழகியவன்.

ஆனால் பிறர் வாய்விட்டுச் சொல்லாததும் அவர் காதில் விழுந்துவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மின்சாரம் போனது. மதாம் ஒரு குட்டி மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, "இந்த ஊரில் ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி கிடைப்பதில்லை, தேடிவிட்டேன்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கே கிடைக்கும் என்று மூன்று கடைகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்று வகுப்பு பத்து நிமிடம் முன்னதாக முடிந்தது. காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

மறுநாள் புதன்கிழமை சொல்தா அம்மா தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து மதாம் வீட்டுக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பாதிக்குமேல் எண்ணெய், ஒரு திரி. "இது நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் நின்னு எரியும் மதாம்" என்று வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் போய்விட்டாராம். அன்று சூரியன் மறைந்ததும் மதாமின் தாயார் நினைவு நாள் தொடங்குகிறது. பெற்றோர் நினைவு நாளில் ஒரு பகலும் ஓர் இரவும் எரியும் விளக்கு வைப்பது அவர்கள் வழக்கம். அடுத்த வகுப்பில் மதாமே இதைச் சொன்னார்.

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று கூடத் தெரியும். நான் கடைப் பெயர் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் என் மனைவிக்கு இது வாராந்திர வேடிக்கை ஆகிவிட்டது. லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கேட்பாள்:

"என்னாங்க, அந்தம்மா இன்னைக்கும் பேசிச்சா?"

"ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தைக்கேவா மூஞ்சி இப்டி இருக்குது? ரெண்டு பேசியிருந்தா ஆஸ்பத்திரிக்கு இல்ல போயிருக்கணும்."

அந்த வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து சத்தம் போட்டு வாதாடித்தான் பாடம் படிக்க வேண்டும். யூதர்கள் காலங்காலமாகப் படிக்கும் முறை அது. இணைகளைப் பிரித்தவன் நான். விருப்பு வெறுப்புக்கு இடம் இருக்கக்கூடாதென்று பெயர் வரிசைப்படி பிரித்தேன். வரிசைப்படி அவர் என் பக்கத்தில் வந்தார். நான் ஆதாரங்களை அடுக்குவேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் சார்" என்பார். அதோடு வாதம் முடிந்துவிடும். ஜெயித்த மாதிரி ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு முறை மதாம் எங்கள் பக்கம் வந்து நின்று, "செயலாளர் அவர்களே, உங்கள் இணை உங்களிடம் தோற்கவில்லை. உங்களுக்கு இடம் விடுகிறார்" என்றார். அவமானம் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

பொறாமை என்ற சொல்லை இதுவரை எழுதாமல் வந்திருக்கிறேன். இந்த வயதில் இடம் மாற்றமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. இருந்தும் எனக்கு அந்த அம்மாள் மேல் இருந்தது அதுதான், கலப்பில்லாத பொறாமை. பணியில் என்னைத் தாண்டிப் போனவர்கள் மேல் கூட அப்படி இருந்ததில்லை. அவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்று தெரியும்.

மதாமுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. பிரான்சில் இருக்கிறார், தொண்ணூறை நெருங்கியவர், யூதச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். கணினியைத் தொட மாட்டார், காகிதத்தில் எழுதினால் காகிதத்தில் பதில் வரும். மதாமால் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்றை வருடத்துக்கு ஒரு முறை அவருக்கு அனுப்பலாம் என்று ஏற்பாடு. நான் மூன்று பக்கத்தில் ஒரு கேள்வி தயாரித்துக் கொடுத்தேன். மதாம் படித்துவிட்டு, "இதற்குப் பதில் உங்களிடம் உள்ள புத்தகத்திலேயே இருக்கிறது, கடைசி அத்தியாயம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம், ஜூலை மாதம், சொல்தா அம்மா ஒரு நோட்டுத் தாளை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"மதாம் பாத்துட்டாங்க சார். பெரியவருக்கு அனுப்பலாம்னாங்க. அனுப்பறது செயலாளர் வேலதானாம், உங்களுக்கும் பிரெஞ்சு நல்லா எழுத வருமாம்."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பென்சில் எழுத்து.

"ஐயாவுக்கு வணக்கம். எங்கள் கீழ்வீட்டு அம்மா சனிக்கிழமை எதையும் கேட்க மாட்டார்கள். இருட்டாக இருக்கிறது என்றால் விளக்கு போடுவேன். ஒன்பது வருடம் போட்டேன். ஒரு சனிக்கிழமை, வீடு இன்றைக்குக் குளிர்கிறது என்று சொன்னார்கள். அன்று என் புருஷன் லீவில் வந்த நாள். எனக்கு அவசரம். ஆமாம், வெளியேயும் குளிர்தான் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். புரியாமல் சொல்லவில்லை. புரிந்துதான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கதவு சாத்தி இருந்தது. அதன் பிறகு திறக்கவில்லை. அந்த வருஷமே மகன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்காததைச் செய்யாமல் போனது குற்றமா? உங்கள் சட்டத்தில் என்னைப் போன்றவளுக்கு ஏதாவது எழுதியிருக்கிறதா?"

நல்ல கேள்வி என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. தேதி இல்லை, கையொப்பம் இல்லை, சொந்த விஷயம் பொது விஷயமாக மாற்றப்படவில்லை என்பதெல்லாம் இரண்டாம் வாசிப்பில் தெரிந்தது. பதிவேட்டில் ஏற்றவில்லை. மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தேன். மொழிபெயர்க்க அரை மணி நேரம் போதும்.

மதாம் ஆகஸ்டில் கேட்டார். "நடவடிக்கையில் உள்ளது" என்றேன். பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் பேச அரசாங்கம் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது. வெளிநாட்டுத் தபால் தாமதமாகும் என்று மதாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சொல்தா அம்மா கேட்கவே இல்லை. செப்டம்பரில், "உங்க தெருவுக்கு தபால்காரரு டெய்லி வராரா சார்?" என்றார். வருகிறார் என்றேன். அக்டோபரில், "பிரான்சுக்கு ஸ்டாம்பு வெல ஏறிடிச்சாமே" என்றார். ஏறியிருக்கிறது, எடைக்கு ஏற்றபடி என்று விளக்கினேன். நவம்பரில் மழைக்கு நடுவே லாஸ்பேட்டைக்கே வந்தார். வாசலில் நின்று, இந்தப் பக்கம் தெரிந்தவரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். உள்ளே வரச் சொன்னோம். என் மேசையைப் பார்த்து, "எவ்ளோ காயிதம் சார் உங்ககிட்ட. ஒண்ணு தொலஞ்சா கூட தெரியாது" என்றார்.

"எங்கிட்ட எதுவும் தொலையாதுங்க" என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவி கொண்டுவந்த காபியைக் குடிக்கவில்லை. எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்துதான் பதில் சொன்னேன்.

ஜனவரியில் வகுப்பின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சொல்தா அம்மாவுக்கு மூச்சுத் திணறல், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நம் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடுகிறேன் என்று இழுப்பறையைக் கிளறிக்கொண்டிருந்த என் மனைவி அந்தத் தாளை எடுத்துவிட்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"இது அந்தம்மா எழுதினதா?"

"ஆமாம்."

"எப்ப குடுத்திச்சு?"

சொன்னேன்.

"அந்தம்மா அங்க ஒரே ஒரு நாள்தான் தெரியாத மாதிரி போயிருக்குது. அதுக்கே இத்தினி வருஷமா அழுவுது" என்றாள். "நீங்க ஆறு மாசமா போறீங்க."

அன்று சாயங்காலமே மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை, தேதி போடவில்லை, பொது விஷயமாக மாற்றவில்லை. கீழே அவர் பெயரையும், பதில் வர என் முகவரியையும் மட்டும் எழுதினேன். மறுநாள் காலை தபால் நிலையம் திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நின்றேன். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கதிர்காமம் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். ஆஸ்பத்திரிப் போர்வைக்கு மேலேயும் அதே கம்பளிச் சட்டை. என்னைப் பார்த்ததும், "பஸ்ஸுல வந்தீங்களா, ஸ்கூட்டர்லயா?" என்றார். நான் ரசீதை எடுத்துக் காட்டினேன். அதில் அன்றைய தேதி இருந்தது.

"இன்னைக்குத்தான் அனுப்பினேன்" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"அனுப்பியிருந்தா நீங்க பதிவேட்ட காட்டியிருப்பீங்க." சிரித்தார், அது இருமலாக மாறியது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அனுப்பினீங்களா இல்லையான்னு நேரா கேட்டிருந்தா..."

"நேரா கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லணும் சார். இல்ல பொய் சொல்லணும். ரெண்டும் உங்களுக்குக் கஷ்டம். உங்களுக்கா தோணும்போது செய்யட்டும்னு உட்டுட்டேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "வெய்யிலு இந்தப் பக்கம் வர்றதுக்குப் பதினோரு மணி ஆயிடுது" என்றார்.

நான் எழுந்து காலடியில் மடித்து வைத்திருந்த இன்னொரு போர்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். அவர் நன்றி சொல்லவில்லை. வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததாக நினைவில்லை.

அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் போனேன். பாடப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன், அவர் "சரிதான் சார்" என்பார். கடிதம் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் கண் மட்டும் நான் வந்ததும் ஒரு முறை என் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பும். பிப்ரவரி முழுக்க அப்படித்தான் போனது. மார்ச் பத்தாம் தேதி தவளக்குப்பத்தில் அடக்கம் செய்தோம். மதாம் கல்லறையில் பூ வைக்காமல், தங்கள் வழக்கப்படி ஒரு சிறு கல்லை வைத்தார். வங்கி மேலாளரும் ஒரு கல் தேடி வைத்தார். எனக்குக் கையில் எடுத்த எந்தக் கல்லும் சரியாகப் படவில்லை.

பிரான்சிலிருந்து வந்த பதில் உறையின் மேல் சொல்தா அம்மாவின் பெயர் இருந்தது. என் முகவரி இருந்தது. பிறர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்பதற்கும் விதி உண்டு. மதாமிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரித்து, நின்றபடியே எனக்குத் தமிழில் சொன்னார்.

"அம்மா, உங்களைப் போன்றவர் பற்றியும் எங்கள் சட்டத்தில் இருக்கிறது. குளிரைப் பொறுத்தவரை எல்லா மனிதரும் நோயாளிகளே. ஆகவே கடுங்குளிரில் யூதரல்லாத அண்டை வீட்டாரிடம் கணப்பை மூட்டச் சொல்லி, சனிக்கிழமையானாலும் வெளிப்படையாகவே கேட்கலாம். சனிக்கிழமையைக் கடைப்பிடித்தே கிழவியானவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அன்று அவர் உங்களிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்காமல் சுவரிடம் சொன்னார் என்றால், முடியாது என்று சொல்ல உங்களுக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான். அந்த இடத்தை நீங்கள் ஒரு முறை எடுத்துக்கொண்டீர்கள். அது உங்களுக்காக வைத்ததுதான். கதவு ஏன் சாத்தப்பட்டது என்பது எனக்குத் தெரியாது. குளிருக்கும் கதவைச் சாத்துவார்கள்."

மதாம் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "இந்தக் குளிர் பற்றிய விதி எனக்கே நினைவில் இல்லை" என்றார். என்னிடமிருந்த எட்டுப் புத்தகங்களிலும் தேடினேன். இருந்தது, ஐந்தாவதில், என் கையாலேயே அடிக்கோடு போட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சொல்தா அம்மா என்னிடம் சொன்னதும் இதையேதான். கேட்ட கேள்விக்கு விடை அவரிடமே இருந்தது, ஆனால் அதை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு இல்லாமல் போனார். ஜூலையிலேயே உறை ஒட்டியிருந்தால் செப்டம்பருக்குள் கையில் கிடைத்திருக்கும், அவரே பிரித்திருப்பார்.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்து, கேள்வி பெறப்பட்ட நாள், அனுப்பிய நாள் இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். தாமதத்துக்கான காரணம் என்ற பத்தியில் "பொறாமை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கடைசிப் பத்தி ஒன்று பாக்கி இருந்தது. அதையும் நிரப்பினேன்: பதில் வந்த தேதி, மார்ச் பத்தொன்பது.